பிடியருகே ஒரு பொத்தான்

நாலு மணிக்கு வந்து கூப்பிடுகிறேன், அதுவரைக்கும் இந்த மியூசியக் கூடத்திலேயே சுற்றிக்கொண்டிருங்கள் அப்பா, யாரிடமும் வம்பளக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுக் குணவதி மேல்மாடிக்குப் போய்விட்டாள். போகிறபோது என் சட்டைப் பையின்மேல் ஒட்டியிருந்த சீட்டை இன்னொரு தடவை அழுத்திவிட்டுப் போனாள், முதல் நாள் பள்ளிக்கூட வாசலில் நான் அவளுக்குக் காலர் சரிசெய்துவிட்ட மாதிரி. சீட்டில் என் பெயர். அங்கமுத்து, தகப்பன் பெயர் காளியப்பன், வயது எண்பத்தேழு. அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் சாட்சி. என்னை என்னென்னவோ சொல்லியிருக்கிறார்கள், ஈப்போ பஸ்ஸில் டிக்கெட் கிழித்த காலத்தில் எனக்குப் பெயரே புளுகுக் கண்டக்டர்தான், மலைப்பாம்பைக் கயிறாகக் கட்டிப் பஸ்ஸைப் பள்ளத்திலிருந்து இழுத்தவன் நான், ஆனால் சாட்சி என்று ஒருத்தரும் சொன்னதில்லை. மணி மூன்று பத்து. இன்னும் ஐம்பது நிமிஷம். மேலே ஒரு சின்ன அறையில் மைக்கும் கேமராவும் வைத்துக்கொண்டு ஒரு பெண் காத்திருக்கிறது. மலாயாவை ஜப்பான்காரன் பிடித்து ஆண்ட காலத்தை நேரில் பார்த்தவர்கள் சொல்வதைப் பதிவு செய்து காலாகாலத்துக்கும் வைக்கப் போகிறார்களாம், நானும் அந்த மைக் பிடிக்கிற பெண்ணும் குணவதியும் அவள் பேரப்பிள்ளைகளும் போன பிறகும் அது இருக்குமாம். நான் போய் உட்கார்ந்து, ஏழு வயதில் ஜப்பான் அதிகாரி ஒருவன் என் தோளில் வாளால் வெட்டிய கதையைச் சொல்ல வேண்டும். உன் அப்பன் எங்கே ஒளிந்திருக்கிறான் என்று கேட்டு, நான் வாய் திறக்காததால் வெட்டிய கதை. எண்பது வருஷமாகச் சொல்லி வருகிற கதை, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். நடக்காத கதை.

குளிர்கிறது. இந்த மாதிரி இடங்களில் மனுஷர்களுக்காக ஏர்கான் வைப்பதில்லை, இரும்புக்காக வைக்கிறார்கள். கூடம் முழுக்க இருட்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் மட்டும் வெளிச்சம், அந்த வெளிச்சத்தில் வாள்கள் கூர் மேலே பார்க்கப் படுத்திருக்கின்றன. பிடி இல்லை. பிடியைக் கழற்றி வைத்துவிட்டார்கள். நான் வாள் என்றால் பிடியும் உறையும் குஞ்சமுமாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், கதையில் அப்படித்தான் சொல்வேன், சிவப்புக் குஞ்சம், சில சமயம் மஞ்சள், கேட்பவர்களின் முகத்தைப் பொறுத்து. இங்கே வெறும் இரும்பு, அடிப்பாகம் மட்டும் துருவேறிக் கருத்து, அதில் கோழி கிளறிய மாதிரி எழுத்து. மலாயில் எழுதி வைத்திருக்கிறார்கள், செய்தவன் தன் பெயரை அங்கேதான் வெட்டுவானாம், பிடிக்குள் மறைந்துபோகிற இடத்தில். வாளை வைத்திருப்பவனின் கை எப்போதும் அதன்மேலேயே இருக்கும், ஆனால் அவனுக்குத் தெரியாது. ஒரே ஒரு மூங்கில் ஆணிதான் பிடியையும் வாளையும் சேர்த்து வைத்திருக்கிறதாம். அதைத் தட்டி எடுத்துவிட்டால் எல்லாம் கழன்று பெயர் வெளியே வந்துவிடும். எனக்கு இந்தச் சமாசாரம் பிடிக்கவில்லை. அடுத்த பெட்டிக்கு நகர்ந்தேன். அதில் ஒரு வாள், அதன் அடியில் தங்கத்தில் எழுத்து, என்னவென்றால் இது ஒரே வீச்சில் இரண்டு பிணங்களைத் துண்டாக்கியது என்று சோதித்துப் பார்த்து எழுதி வைத்த சான்றாம். இரண்டு பிணம். நானாக இருந்தால் ஏழு என்று எழுதியிருப்பேன். பொய் சொல்கிறவனுக்கு இரண்டு என்று எழுத மனசு வராது, அதனால் இது நிஜமாகத்தான் இருக்க வேண்டும். என் கதையில் நான் அப்பாவைத் தவிர எல்லாவற்றையும் பெருக்கியிருக்கிறேன். ஒரு அதிகாரி ஐந்து பேர் ஆனான், ஒரு வெட்டு மூன்று வெட்டு ஆகி மறுபடியும் ஒன்றாகக் குறைந்தது, ஏனென்றால் தழும்பு ஒன்றுதானே இருக்கிறது. நெற்றியைக் கண்ணாடியில் வைத்துக் கிட்டத்தில் பார்த்தேன். கூர் விளிம்பை ஒட்டி ஒரு மங்கல் கோடு, ஆற்றின்மேல் விடிகாலையில் நிற்கிற பனி மாதிரி அலை அலையாய்ப் போகிறது.

ஐயா, கண்ணாடியில சாயாதீங்க என்று பின்னால் ஒரு குரல், தமிழில். காவல்காரர். அறுபது வயதிருக்கும், சட்டையில் சந்தனசாமி என்று பெயர். சாயலைங்க, சூடு பார்த்தேன் என்றேன். வாளுக்கா என்றார். ஆமா, மனுஷனை வெட்டின வாள் லேசுல ஆறாது என்றேன். அவர் சிரித்தார். சிரிக்கிற ஆளைப் பார்த்துவிட்டால் எனக்கு நாக்கு நிற்காது, குணவதி சொன்னதெல்லாம் காற்றோடு போயிற்று. அரைக்கைச் சட்டையைத் தோள்வரைக்கும் சுருட்டிக் காட்டினேன். இந்த மாதிரி ஒண்ணு என் மேல பாய்ஞ்சிருக்கு, எலும்புல பட்டு வாளு வளைஞ்சு போச்சு, ஜப்பான்காரன் அழுதுட்டான். வாளுக்காகவா, உங்களுக்காகவா? வாளுக்காகத்தான், அப்புறம் நான்தான் கல்லுல வச்சுத் தட்டி நிமித்திக் குடுத்தேன். அப்ப உங்களுக்கு என்ன வயசுங்க? ஏழு. ஏழு வயசுல! அப்பவே எனக்குக் கைப்பலம் ஜாஸ்தி. சந்தனசாமி வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, இடுப்பிலிருந்து டார்ச்சை எடுத்து என் தோளில் வெளிச்சம் அடித்தார். சிரிப்பு மெள்ள நின்றது. எங்கப்பாவுக்கும் இதே மாதிரி தழும்பு ஒண்ணு இருந்துச்சுங்க ஐயா, முழங்கால்ல, நேரா வந்து கடைசியில கொக்கி மாதிரி திரும்பும், ரப்பர்ப் பால் வெட்டுற கத்தி. டார்ச்சை அணைத்தார். நீங்க எந்தத் தோட்டம்? அது இப்ப இல்லீங்க, அந்த இடத்துல ஏர்போர்ட் கட்டிட்டான் என்றேன். அப்படிங்களா என்றார். நான் ஒண்ணும் சொல்லலீங்க ஐயா, ஜப்பான்காரனும் கித்தா மரம் வெட்டியிருப்பானோ என்னவோ என்று சொல்லிவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கதவுப் பக்கம் போய்விட்டார்.

சட்டைக்கையை இறக்கிவிட்டேன், இறக்கிய பிறகும் தோளில் அந்த வெளிச்சம் இருந்தது. மூன்று இருபத்தைந்து. அவர் மேலே போய்ச் சொல்வாரா. எதற்குச் சொல்ல வேண்டும், அவருக்கு என்ன. ஆனால் சாப்பாட்டு வேளையில் யாரிடமாவது சிரித்துக்கொண்டே சொல்லலாம், கீழே ஒரு கிழவர் பால்கத்தித் தழும்பைக் காட்டி ஜப்பான் வாள் என்கிறார் என்று. ஐம்பது வருஷமாகப் பஸ்ஸிலும் கோயில் திருவிழாவிலும் பள்ளிக்கூட மெர்டேக்கா சுதந்திர தின விழாவிலும் காட்டியிருக்கிறேன், ஒருத்தனும் கேட்டதில்லை, எல்லாரும் கித்தா என்கிற ரப்பர் மரத்தில் பால் வெட்டிய ஜனங்கள்தான், அந்தக் கத்தி எப்படித் திரும்பும் என்று எல்லாருக்கும் தெரியும், ஒருத்தனும் கேட்கவில்லை. தெரிந்தே கேட்கவில்லையோ. இந்த யோசனை வேண்டாம். இந்தப் பக்கம் அழகு சாமான்கள். அரக்குப் பூசிய கறுப்புப் பெட்டிகள், தங்கத்தூளில் புல்லும் நிலாவும். கட்டை விரல் அளவு தந்தத்தில் ஒரு குரங்கு, வாயைப் பொத்திக்கொள்ளாமல் காதைச் சொறிந்துகொண்டிருக்கிறது. பக்கத்தில் இருப்பது இடுப்பில் தொங்கவிடுகிற மருந்துப் பெட்டியாம், அடுக்கடுக்காய் நாலு தட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு மருந்து. என்னிடமும் இருக்கிறது ஒன்று, பிளாஸ்டிக்கில், திங்கள் செவ்வாய் என்று ஏழு அறை, குணவதி ஞாயிற்றுக்கிழமை நிரப்பி வைப்பாள். தங்கத்தில் நிலா போட்டிருந்தால் நானும் மறக்காமல் விழுங்குவேன். இதையெல்லாம் செய்தவனும் வாள் செய்தவனும் ஒரே ஊர்க்காரனாக இருந்திருப்பான். அவர்கள் வீட்டிலும் ஏழு வயதுப் பிள்ளைகள் இருந்திருக்கும். அந்த அதிகாரிக்கும் இருந்திருக்கும். இல்லாவிட்டால் என் முன்னால் அப்படிக் குந்தி உட்கார்ந்திருக்க மாட்டான். குந்தி உட்கார்ந்தான் என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. கதையில் அவன் எப்போதும் நின்றுகொண்டிருப்பான், தென்னைமர உயரத்துக்கு.

இது களைத்த வாள் என்று எழுதியிருக்கிறது. களைத்த என்றுதான் எழுதியிருக்கிறது, நான் சேர்க்கவில்லை. வாளைத் தலைமுறை தலைமுறையாகத் தீட்டித் தீட்டி மேல்தோல் போய்விடுமாம், உள்ளே இருக்கிற மெத்தென்ற இரும்பு திட்டுத் திட்டாய் வெளியே தெரியுமாம், அதற்கப்புறம் தீட்டக் கூடாதாம். அம்மா சனிக்கிழமை எண்ணெய் தேய்க்கும்போது தோளுக்கு வந்ததும் விரலைத் தூக்கிக்கொள்வாள், தழும்பைச் சுற்றிப் போய் முதுகில் இறங்குவாள், எனக்குக் கல்யாணம் ஆகிற வரைக்கும் அப்படித்தான். ஒரு தடவைகூட அதன்மேல் படவில்லை. சாகிறதற்கு முந்தின நாள், தைப்பிங் ஆஸ்பத்திரியில், பேச்சு நின்று இரண்டு நாளாகியிருந்தது, திடீரென்று கையை நீட்டிச் சட்டைக்குமேல் அந்த இடத்தைத் தொட்டு, வலிக்குதாடா என்றாள். வலிக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம், வலிக்கிறது என்றாவது சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னேன், வாளுதாம்மா வலிக்குதுன்னு அழுதுச்சு என்றேன். பக்கத்துக் கட்டில்காரிகூடச் சிரித்தாள். அம்மா கையை எடுத்துக்கொண்டாள். இரண்டு பேர் மட்டும் தெரிந்து வைத்திருந்த ஒன்றை ஒருத்தி போகிறபோது என்னிடம் திருப்பிக் கொடுக்க வந்தாள், நான் வாங்கிக்கொள்ளவில்லை. மூன்று நாற்பது. ஒன்றுக்கு வருகிற மாதிரி இருக்கிறது, வரவில்லை, பயந்தால் இப்படித்தான். கடைசிப் பெட்டியைப் பார்க்காமலே போய்விடலாம் என்றுதான் நினைத்தேன், தூரத்திலிருந்தே தெரிந்தது அதில் மட்டும் வாளுக்குப் பிடி இருந்தது.

பட்டாளத்து வாள். ஃபாக்டரியில் ஆயிரக்கணக்கில் செய்தது, கலை மதிப்பு இல்லை என்று எழுதியிருக்கிறார்கள், அதனால்தான் பிடியைக் கழற்றவில்லை போலிருக்கிறது, யார் பெயரும் உள்ளே இருக்காது. பழுப்பு நாடா சுற்றிய பிடி. பிடிக்கும் உறைக்கும் நடுவில் பித்தளைத் தட்டு. அதன் ஓரத்தில், மொச்சைக்கொட்டை அளவுக்கு, ஒரு பொத்தான். வாள் தானாக நழுவி விழாமல் பூட்டி வைக்கிற கொக்கிக்கு உண்டான பொத்தான். டக். எண்பது வருஷத்தில் யாரிடமும் இதைச் சொன்னதில்லை, கனவில்கூடச் சொன்னதில்லை, கதையில் வாள் எப்போதும் சரேலென்று வெளியே வரும். அது சரேலென்று வராது. பொத்தானை அமுக்கினால்தான் வரும். டக் என்று ஒரு சத்தம், அப்புறம் இரண்டு விரற்கடை வெள்ளை தெரியும், அந்த வெள்ளையில் என் கண் தெரிந்தது. அவன் மறுபடி உள்ளே தள்ளினான், டக். நாங்கள் குடியிருந்த லயத்து வாசலில் என் முன்னால் குந்தி உட்கார்ந்து, என் கட்டை விரலைப் பிடித்துப் பொத்தானில் வைத்தான். நீ அமுக்கு என்கிற மாதிரி தலையை ஆட்டினான். அமுக்கினேன். டக். இன்னொரு தடவை. டக். எனக்கு அதுவரைக்கும் யாரும் விளையாட எதுவும் கொடுத்ததில்லை, மரவள்ளிக்குச்சியும் கித்தாக்கொட்டையும்தான். அவன் உடம்பில் சோப்பு வாசனை. எத்தனை தடவை அமுக்கினேன், பத்து, இருபது, நிஜமாகவே தெரியவில்லை. பாப்பா மானா என்றான், அப்பா எங்கே என்று, அவனுக்குத் தெரிந்த மலாய் அவ்வளவுதான். யாரும் அதட்டவில்லை. யாரும் வெட்டவில்லை. நான் பொத்தானிலிருந்து விரலை எடுக்காமலே இன்னொரு கையை நீட்டிக் காட்டினேன், ரப்பர் தகடுகளுக்குப் புகைபோடுகிற கொட்டகையை. புகை போட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது, மேலே தகடு தொங்கவிடும் பரணில் அப்பாவும் இன்னும் நாலு பேரும் படுத்திருந்தார்கள். சயாமுக்கு ரயில் போட ஆள் பிடிக்கிற லாரி சடக்கு ரோட்டில் நின்றுகொண்டிருந்தது. ஐந்து பேரும் இறங்கி வந்தபோது நான் கையை ஆட்டினேன். அப்பா திரும்பிப் பார்த்தார். என்னைப் பார்த்தாரா, என் பக்கத்தில் நின்றவனைப் பார்த்தாரா, அதைத்தான் நான் எண்பது வருஷமாகத் தீட்டிக்கொண்டிருக்கிறேன். ஐந்து பேரில் ஒருத்தரும் திரும்பி வரவில்லை.

அம்மா மரவள்ளி பிடுங்கிக்கொண்டு வந்தபோது லாரியின் தூசி அடங்கியிருக்கவில்லை. கையில் பால்கத்தி, பால்வெட்டு நின்றுபோன காலத்தில் அதை வைத்துத்தான் கிழங்கின் தோலைச் சீவுவாள். நான் ஓடிப்போய்ச் சொன்னேன், அம்மா, அந்தக் கத்தியில ஒரு பொத்தான் இருக்கு, அமுக்கினா டக்குன்னு சத்தம் வருது, என்னையே அமுக்கச் சொன்னாரு, அப்பா எங்கேன்னு கேட்டாரு, நான்தான் காட்டினேன். நான்தான் என்பதை அழுத்திச் சொன்னேன். கத்தியோடு அவள் கை தானாக இறங்கியது என்று நினைக்கிறேன், அவள் முகத்தில் கோபம்கூட இல்லை. ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் அலறினாள், முந்தானையைக் கிழித்துக் கட்டினாள், என்னை மார்பில் வைத்து நெரித்தாள். லயத்துப் பெண்கள் ஓடி வந்தார்கள். அந்த நாலு பேரின் பெண்டாட்டிகளும் அதில் இருந்தார்கள். ஒருத்தி வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னாள், எம்புள்ளைய வெட்டிட்டான்டி, அப்பன் எங்கேன்னு கேட்டு வெட்டியிருக்கான், புள்ள வாயே தொறக்கலடி. சொல்லிக்கொண்டே என் கண்ணைப் பார்த்தாள். எனக்குக் கதை சொல்லக் கற்றுக்கொடுத்த பார்வை அது. அன்றைக்கு அவள் சொல்லாமலிருந்தால் அந்தத் தோட்டத்தில் என்னை யார் வைத்திருப்பார்கள். சொன்னதால் அந்த நாலு பெண்களும் பஞ்சத்தில் தங்கள் பிள்ளைகளுக்கு வைத்த கஞ்சியில் ஒரு கரண்டி எனக்கு ஊற்றினார்கள், வெட்டுப்பட்டும் காட்டிக்கொடுக்காத பிள்ளை. பின்னே யார் காட்டிக்கொடுத்தது. கொட்டகைக் காவல் மூக்கன் என்று முடிவுகட்டினார்கள். சாவி அவனிடம்தானே இருந்தது. ஜப்பான்காரன் போன மறு மாசம் அவனையும் பெண்டாட்டியையும் தோட்டத்தை விட்டுத் துரத்தினார்கள். குடிக்கத் தண்ணீர்கூடத் தரவில்லை. சாணியை உருட்டி முதலில் என் கையில்தான் கொடுத்தார்கள், எனக்குத்தான் அந்த உரிமை என்று. எறிந்தேன். மார்பில் பட்டது. மூக்கன் துடைக்கக்கூட இல்லை, நின்று என்னையே பார்த்தான். அவன் கொட்டகை வாசலில்தான் அன்றைக்கும் நின்றிருந்தான், அங்கிருந்து லய வாசல் தெரியும். அவனுக்குத் தெரியும். தெரிந்தும் ஒன்பது வயசுப் பையனைக் காட்டிக்கொடுக்காமல் போனான். நான் சொல்கிற கதையில் காட்டிக்கொடுக்காத ஆள் ஒருத்தன் இருக்கிறான் இல்லையா, அது மூக்கன். பெயரை மட்டும் மாற்றிக்கொண்டேன். இத்தனை வருஷமும் அது வாயால் சொன்ன கதை, காற்றில் போய்விடும். இன்றைக்கு மெஷினில் ஏற்றிவிட்டால் போகாது. துரோகி மூக்கன், வயது கிடையாது, சாவு கிடையாது.

அப்பா, வாங்க, மணியாச்சு. குணவதி. அவள் கை சூடாக இருந்தது. கதவுப் பக்கம் சந்தனசாமி நின்றிருந்தார், என்னைப் பார்த்துத் தலையை லேசாகச் சாய்த்தார், நான் வேறு பக்கம் பார்த்தேன். லிஃப்டில் குணவதி சீப்பெடுத்து என் தலையை வாரிவிட்டாள். மூக்கன் கதையை விட்டுடாதீங்கப்பா, அதுதான் கேக்கறவங்களுக்கு அழுகை வரும், வாளை நிமித்தினதெல்லாம் வேண்டாம், பொய்யின்னு நினைச்சுக்குவாங்க. சரிம்மா. அறையில் நாற்காலி, கறுப்புத் துணி, ஒரு சிவப்பு விளக்கு. பாட்டா, உங்களுக்கு எப்ப வசதியோ அப்ப ஆரம்பிக்கலாம் என்றது மைக் பிடிக்கிற பெண். வாயைத் திறந்தேன். கதை வரிசையாக வந்து பல்லுக்குப் பின்னால் நின்றது, சிவப்புக் குஞ்சம், தென்னைமர உயரம், சரேல். நான் சொன்னேன், அந்த வாள்ல பிடிக்குக் கிட்ட ஒரு பொத்தான் இருந்துச்சு. அமுக்கினா டக்குன்னு சத்தம் வரும். என்னைத்தான் அமுக்கச் சொன்னான். எங்கப்பாவைக் காட்டிக்கொடுத்தது நான்தான், என்னை வெட்டினது எங்கம்மா, மூக்கன் ஒரு பாவமும் அறியாதவன். பெண் புன்னகையோடு தலையை ஆட்டிக்கொண்டே கேட்டது, பஸ்ஸில் முன்சீட்டில் உட்கார்ந்து கேட்பார்களே, அடுத்து என்ன புளுகு வரப்போகிறது என்று, அதே முகம். குணவதி சிரித்துவிட்டாள். மன்னிச்சுக்குங்க, எங்கப்பா இப்படித்தான், ஆள் புதுசா இருந்தா கதையை மாத்திடுவாரு. அப்பா, இது என்ன புதுசா? பழைய கதையைச் சொல்லுங்கப்பா, அதுதான் நல்லாயிருக்கும். இதுதாம்மா பழசு என்றேன். அவள் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள், ஆனால் கண் சிரிக்கவில்லை. சட்டையைக் கழற்றப் பார்த்தேன், முதல் பொத்தானிலேயே நிறுத்திவிட்டேன். தழும்பைப் பார்த்து இவர்களுக்கு என்ன தெரியும், இவர்கள் கித்தா மரத்தையே காரிலிருந்து பார்த்தவர்கள். மார்பில் ஒட்டியிருந்த சீட்டை உரித்து மேஜையில் வைத்தேன். கீழே ஒரு காவல்காரர் இருக்கார்மா, சந்தனசாமின்னு பேரு, அவரைக் கொஞ்சம் வரச்சொல்லு என்றேன். எதுக்குப்பா? எனக்கு ஒரு சாட்சி வேணும். பெண் குணவதியைப் பார்த்தது, குணவதி என்னைப் பார்த்தாள், அப்புறம் எழுந்து போனாள். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அவள் செருப்புச் சத்தம் படியில் இறங்குவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், என் கட்டை விரல் நாற்காலிக் கையை அமுக்கியபடி இருந்தது.